ஐந்து பேர் சம்பளம், நாலு பேர் வேலை

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷமாக கிளெய்ம் ஃபைல் பார்க்கிறவள். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அதில் என்ன இல்லை என்றுதான் என் கண் முதலில் தேடும். பாட்டையும் அப்படித்தான் கேட்பேன்.

ப்ளூஸ் ராக் என்றால் எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே பைத்தியம். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டு வீட்டுப் பெண்ணுக்கு இது எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று உறவுக்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள். பாட்டு கிளாஸுக்கு அனுப்பினார்கள், நான் போகிற வழியில் காசெட் கடையில் நின்றுவிட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு உயிரான ஒரு குழு உண்டு. ஐந்து பேர். ஒருவர் பாடுவார், இருவர் கிட்டார், ஒருவர் பேஸ், ஒருவர் டிரம்ஸ். ஐந்து பேருமே வேறு வேறு குழுக்களில் பெரிய பெயர் வாங்கிவிட்டு ஒன்று சேர்ந்தவர்கள். இப்படிச் சேர்ந்தால் சூப்பர்குரூப் என்பார்கள். வழக்கமாக இரண்டு ஆல்பத்துக்குள் அடித்துக்கொண்டு பிரிந்துவிடுவார்கள். இவர்கள் பிரியவும் இல்லை, ஒன்பது வருஷமாகப் புதிதாக ஒன்றும் தரவும் இல்லை. எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. இனி அவ்வளவுதான் என்று நாங்கள் கைகழுவிய பிறகு, புது ஆல்பம் என்று அறிவித்தார்கள். அன்று முழுக்க ஆபீஸில் நான் யார் மேலும் எரிந்து விழவில்லை. பக்கத்து மேஜைக்காரி உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள்.

நாங்கள் என்றால், இந்த ஊரில் இந்த மாதிரிப் பாட்டுக்கு அலைகிற கும்பல். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப், எப்போதாவது பாந்த்ராவில் ஒரு பாரிலோ மாட்டுங்காவில் ஒரு ஃபிளாட்டிலோ கூடிக் கேட்பது. புதிதாக எது வந்தாலும் நான்தான் முதலில் எழுதுவேன். ஆன்ட்டி என்ன சொல்கிறாள் பார்ப்போம், அப்புறம் கேட்கலாம் என்று சின்னப் பசங்கள் காத்திருப்பார்கள். பெருமையாக இருக்காதா? இருந்தது.

அந்தக் கும்பலில் என்னைத் தவிர இன்னொரு தமிழர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தாராவியில் பெயிண்ட் கடை. என்னைவிட நாலு வயது சின்னவர். ஆனாலும் நான் அண்ணாச்சி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். எந்தக் கூட்டம் என்றாலும் முதல் ஆளாக வந்து கடைசி வரிசையில் உட்காருவார். கடைக்கு மேலே உள்ள அறையில் வருஷக் கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல ஸ்பீக்கர், டர்ன்டேபிள் எல்லாம் சேர்த்து வைத்திருந்தார். அடுத்த தடவை நம்ம இடத்துல வைக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். உடனே ஒருத்தர் பார்க்கிங் இருக்கிறதா என்பார், ஒருத்தர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன. நானும்தான் போனதில்லை. நான் குடியிருக்கும் திலக் நகரிலிருந்து தாராவி என்ன லண்டனா?

இந்த முறை அவர் விடவில்லை. ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளியாகிறது. மாஹிமில் ஒரு கடையில் ரெக்கார்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டார், சனிக்கிழமை கைக்கு வந்துவிடும். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அவர் அறையில் எல்லோரும் சேர்ந்து கேட்பது. ஆச்சரியமாக இருபத்திரண்டு பேர் வருவதாகப் பெயர் கொடுத்துவிட்டார்கள். "அக்கா, இருபத்திரண்டு பேரு வாராவ" என்று போனில் சொன்னபோது மூச்சு வாங்கியது அவருக்கு. அறைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை எட்டேகால் வண்டி. திலக் நகரில் ஏறினேன். ஹார்பர் லைனில் லேடீஸ் பெட்டியில் போகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. நிற்கிறவள், உட்கார்ந்திருப்பவளிடம் எங்கே இறங்குவாய் என்று கேட்பாள். பதில் சொன்னால் அந்த இடம் கேட்டவளுக்கு. அந்தப் பதில் காதில் விழாவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும், அப்புறம் கடைசி ஸ்டேஷன் வி.டி. வரை நின்றுகொண்டே போக வேண்டியதுதான். அதனால் எங்களில் பாட்டு கேட்கிற யாரும் இரண்டு காதிலும் மாட்டமாட்டோம். வலது காதில் பாட்டு, இடது காது சீட்டுக்கு. முப்பது வருஷப் பழக்கம், மாட்டும்போது கை தானாகச் செய்யும்.

ஆல்பத்தைப் போகும்போது ஒரு முறை, கேன்டீனில் ஒரு முறை கேட்டேன். கேன்டீனிலும் ஒரு காதுதான், யாராவது கூப்பிடுவார்களே. கேட்கக் கேட்கக் கோபம் வந்தது. பாடகர் இருக்கிறார், டிரம்ஸ் இடிக்கிறது, முதல் கிட்டார் வெளுத்து வாங்குகிறது. இரண்டாவது கிட்டார்காரரைக் காணோம். கம்பி மேல் குழாயை வழுக்கவிட்டு ஸ்லைடு வாசிப்பதில் உலகத்திலேயே நான் தலையில் தூக்கி வைத்திருக்கிற மனிதர். எந்தப் பாட்டிலும் ஆளே இல்லை. வெளிநாட்டு விமர்சகர்களோ, இரண்டு கிட்டாரும் பேசிக்கொள்வதுதான் இந்த ஆல்பத்தின் உயிர் என்று ஒரே பாட்டாகப் பாடியிருந்தார்கள். வயசானவர்கள் என்று தாட்சண்யம் பார்க்கிறார்கள், வேறென்ன என்று நினைத்தேன்.

மதிய இடைவேளையில் எழுதித் தள்ளினேன். தலைப்பே ஐந்து பேர் சம்பளம், நாலு பேர் வேலை. இரண்டாவது கிட்டார்காரர் ஸ்டூடியோவுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்றேன். மூன்றாவது பாட்டில் நடுவில் ஓட்டை விட்டிருக்கிறார்கள் என்றேன். இதற்காகவா ஒன்பது வருஷம் என்று முடித்தேன். பிய்த்துக்கொண்டு போனது. கைதட்டல் படங்களாக வந்து விழுந்தன. சாயங்காலம் வண்டியில் நான் சிரித்துக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை காலை குரூப்பைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு ஜலதோஷம். ஆன்ட்டியே இப்படிச் சொன்ன பிறகு தாராவி வரைக்கும் எதற்கு என்று ஒருவன் பச்சையாகவே எழுதிவிட்டான். இருபத்திரண்டில் ஐந்து மிச்சம். அதில் ஒன்று நான்.

பதினொரு மணி சுமாருக்கு அண்ணாச்சி போன். திட்டப்போகிறார் என்று நானும் தயாராக எடுத்தேன். குரல் சாதாரணமாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? மூணாவது பாட்டுல நடுவுல அந்த ஸ்லைடு வருதுல்லா, அது ஏன் உங்களுக்குப் பிடிக்கல?"

"எந்த ஸ்லைடு?"

"அதான், முத கிட்டார் நிறுத்தினதும் வழுக்கிக்கிட்டு ஒண்ணு மேல ஏறுதே."

"அங்க ஒண்ணுமே இல்லை அண்ணாச்சி. வெறும் டிரம்ஸ்னா ஓடறது. சரியாக் கேட்டுட்டுத்தான் எழுதியிருக்கேன்."

அவர் மெதுவாகக் கேட்டார். "வண்டியில கேட்டியளா?"

"ஆமாம்."

"ரெண்டு காதுலயுமாக்கா?"

நான் போனை வைத்துவிட்டேன். பையிலிருந்து இயர்போனை எடுத்தேன். இரண்டையும் மாட்டினேன். இடது காதில் அது எனக்கு உறுத்தியது, அவ்வளவு பழக்கமில்லை. மூன்றாவது பாட்டு. வலது பக்கம் முதல் கிட்டார் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிற்கிறது. நான் ஓட்டை என்று எழுதிய இடம். அங்கே இடது காதுக்குள் ஸ்லைடு புறப்பட்டது. அடியிலிருந்து இழைந்து இழைந்து ஏறி, பதில் சொல்லப்போவது போல் வந்து, சொல்லாமல் கேலி செய்துவிட்டுத் திரும்பியது. வலது பக்கம் ரோஷத்தோடு மறுபடி கேட்கிறது. இடது பக்கம் மறுபடி நழுவுகிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அடப்பாவி, நீ இங்கேயா இருந்தாய் என்று சத்தமாகவே சொன்னேன். ஆல்பம் முழுக்க மனிதரை இடது பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். ஒன்பது பாட்டையும் ஹாலில் நின்றபடியே கேட்டேன். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாது. அத்தனை சந்தோஷம், அத்தனை வெட்கம், இரண்டும் ஒரே நேரத்தில்.

என் பெண் அடுப்பை அணைத்துவிட்டு வந்து விஷயத்தைக் கேட்டாள். "டெலீட் பண்ணிடும்மா. கிஸ்கோ பதா சலேகா, யாருக்குத் தெரியப்போறது?"

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அழித்துவிட்டால் அந்தப் பதினேழு பேரும் திரும்பி வரப்போவதில்லை. வெள்ளை அடித்த அறை காலியாகத்தான் இருக்கும். அதைக் காலி ஆக்கியது நான். எழுதினேன். நான் எழுதியது தப்பு, ஒரே காதில் கேட்டுவிட்டு இரண்டு காதுக்கும் தீர்ப்புச் சொன்னேன், அவர் இடது பக்கம் இருக்கிறார், பிரமாதமாக இருக்கிறார். நாளை அண்ணாச்சி இடத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கரில் கேட்கலாம். நானும் வருகிறேன், என்னைத் திட்ட விரும்புகிறவர்கள் நேரில் வந்து திட்டலாம்.

கிழித்துத் தொங்கவிட்டார்கள். அரைக்காது ஆன்ட்டி என்று பெயர் வைத்தார்கள். மாட்டுங்காவில் ரிடையர் ஆன புரொபசர் ஒருவர் உண்டு, நான் எழுதும் எதையும் எதிர்த்து எழுதுவதே அவருக்கு வேலை. அப்படியானால் இத்தனை வருஷமாக நீங்கள் எழுதியதெல்லாம் பாதிப் பாட்டுக்கான விமர்சனமா என்று கேட்டார். உண்மைதானே.

ஞாயிறு பத்தரைக்கே போய்விட்டேன். மெயின் ரோடு மேலேயே கடை. மேலே அறையில் புதுச் சுண்ணாம்பு வாசனை. பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். அண்ணாச்சி இஸ்திரி போட்ட சட்டையில் ஜன்னலுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"நம்மளால உங்களுக்குக் கேவலமாப் போச்சே அக்கா" என்றார்.

"என்னாலன்னா உங்களுக்கு. நீங்க ஏன் என்னைத் திட்டலை?"

"நீங்க எழுதினதுக்கு இல்லக்கா வருத்தம். கேக்காமலே வராமப் போறாவளேன்னுதான்."

பதினொன்றுக்கு நாலு பேர். பதினொன்று பத்துக்கு இரண்டு பெண்கள் மூச்சிரைக்கப் படியேறி, அரைக்காது ஆன்ட்டி யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். சேர்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு கும்பல். ஆண்டாப் ஹில்லிலிருந்து நாலு பையன்கள். ஜலதோஷக்காரர் வந்தார். கல்யாணக்காரர் வந்தார். கடைசியாக புரொபசரே வந்து, சுற்றிலும் பார்த்து, எங்கே உட்காருவது என்றார். நாற்காலி தீர்ந்துபோய் கீழேயிருந்து காலி பெயிண்ட் டிரம்களைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டார்கள். அண்ணாச்சியின் மனைவி டீக்கு டம்ளர் போதாமல் அடுத்த வீட்டுக்கு ஓடினார். முப்பத்தொரு பேர். என்னைத் திட்டத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

ரெக்கார்டு சுழன்றது. மூன்றாவது பாட்டில் அந்த இடம் வந்தபோது முப்பது முகமும் ஒரே நேரத்தில் இடது ஸ்பீக்கர் பக்கம் திரும்பின. யாரோ விசில் அடித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

முடிந்ததும் சண்டை ஆரம்பித்தது. ஆறாவது பாட்டு சுத்த வழவழா என்றார் புரொபசர். அதுதான் உச்சம் என்று நான் பாய்ந்தேன். ஆண்டாப் ஹில் பையன் ஒருவன் இந்தியில் என்னோடு சேர்ந்துகொண்டான், இன்னொருவன் அவரோடு. பாடகரின் குரல் போய்விட்டது என்று ஒரு கட்சி, இப்போதுதான் குரலே வந்திருக்கிறது என்று ஒரு கட்சி. சிலர் மறுபடி போடச் சொல்லி ஆறாவது பாட்டு மூன்று முறை ஓடியது. இரண்டு மணி வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. படியிறங்கும்போது புரொபசர் திரும்பி, அடுத்ததும் இங்கேயே வையுங்கள், பாந்த்ராவில் இந்தச் சத்தம் கிடையாது என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு நான் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி இன்னும் வாசற்படியருகிலேயே நின்றுகொண்டிருந்தார். முழு நேரமும் அங்கேதான் நின்றிருந்தார் என்று அப்போதுதான் உறைத்தது.

"என்ன அண்ணாச்சி, ஆறாவது பாட்டுல நீங்க எந்தக் கட்சி? வாயே திறக்கலையே."

அவர் ஒரு டிரம்மை நிமிர்த்தப் போனவர், நிமிர்த்தாமல் அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"ஒரு பாட்டும் காதுல விழலக்கா" என்றார். "இத்தன பேரு நம்ம இடத்துக்கு வந்திருக்காவளேன்னு அவுக மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."