மடக்கி வைப்பதா, நீட்டி வைப்பதா

"முழங்கையைக் காப்பாத்த முடியாதும்மா. ஆனா கையைக் காப்பாத்திடலாம்" என்றார் எலும்பு டாக்டர்.

காலர் அக்காவுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் புரியவில்லை. பக்கத்தில் நின்ற தம்பிக்கும் புரியவில்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகிக் காட்டினார். தோளிலிருந்து இறங்கிவரும் ஒற்றை எலும்பு. மணிக்கட்டை நோக்கிப் போகும் இரட்டை எலும்பு. மூன்றும் கூடுகிற இடம்தான் முழங்கை. அவளுடைய படத்தில் அந்த இடம் எலி கொறித்த ரொட்டி மாதிரி இருந்தது.

"சீழ் பிடிச்சு மூட்டையே தின்னுடுச்சு. சீழ் இப்ப இல்ல. ஆனா மிச்சம் இருக்கிற எலும்பு ஒண்ணோட ஒண்ணு உரசி வலிச்சுக்கிட்டேதான் இருக்கும். தகடு வச்சு மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஒட்ட வச்சிடலாம். வலி போயிடும்."

"அப்புறம் கை மடங்குமா?"

"மடங்காது. மடங்கி இருந்தா நீளாது. எந்த நிலையில ஒட்டுறோமோ ஆயுசுக்கும் அதே நிலைதான். தோள் அசையும், மணிக்கட்டு அசையும், விரல் அசையும். அதனால முதல்லயே நீங்க சொல்லணும். மடக்கி வைக்கட்டுமா, நீட்டி வைக்கட்டுமா?"

பொதுவாக டாக்டர்கள் இதை இவ்வளவு பெரிய கேள்வியாகக் கேட்பதில்லை. வலது கையை நடுத்தரமாகச் செங்கோணத்தில் வைத்துவிட்டால், மிச்சத்தை இடது கை பார்த்துக்கொள்ளும். இவள் விஷயத்தில் அந்த இடது கைதான் சிக்கல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சட்டைக் காலர் அழுத்தும் மெஷின் அவளுடைய இடது விரல்களின் மேல் மூடிக்கொண்டது. விரல்கள் போகவில்லை. ஆனால் வெந்து சுருங்கி உள்ளங்கைக்குள் மடிந்து நின்றுவிட்டன. துணியை அமுக்கிப் பிடிக்கலாம், கதவைத் தள்ளலாம். ஒரு ஸ்பூனைப் பிடிக்க முடியாது. 'காலர்' என்ற பெயரும் அன்றைக்கு வந்ததுதான். லாண்டரிக்காரர்களின் நக்கலுக்கு ஈவு இரக்கம் கிடையாது. அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

"நடுவுல வச்சா உங்களுக்கு ரெண்டுங்கெட்டான் ஆயிடும். வாய்க்கும் எட்டாது, மேஜைக்கும் எட்டாது" என்றார் டாக்டர். "நல்லா மடக்கி வச்சா நீங்களே சாப்பிடலாம், முகம் கழுவலாம், பட்டன் போடலாம். நீட்டி வச்சா இஸ்திரி போடலாம். ஒரு வாரம் அப்படிக் கட்டுப் போட்டு விடுறேன். ஒரு வாரம் இப்படி. வாழ்ந்து பாத்துட்டு வாங்க."

இந்த நிலைக்கு அவளைக் கொண்டுவந்தது கெட்ட மனசு அல்ல, நல்ல மனசு. லாண்டரியில் ஈரத்துணிக் கூடையோடு வழுக்கி, வலது முழங்கை தரையில் மோத விழுந்தாள். லாண்டரியில் எந்த வலிக்கும் ஒரே மருந்து: உருளை மெஷினிலிருந்து சுடச்சுட வரும் துவாலை. இடுப்புப் பிடிப்பா, கழுத்துச் சுளுக்கா, பல்வலியா, நாலாக மடித்து வைத்துக் கட்டு. அன்றைக்கும் அப்படித்தான் கட்டினார்கள். ஆறினால் அவிழ்த்துவிட்டு இன்னொன்று கட்டினார்கள். ஆளாளுக்கு ஓடி ஓடிச் செய்தார்கள். ஷிப்ட் முடியும்வரை அவளுக்கு இதமாகவே இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் துவாலையை எடுத்தபோது தோலும் கூடவே வந்தது. உள்ளே எலும்பு நொறுங்கியிருந்தது, வெளியே சதை வெந்திருந்தது. வெந்த புண் வழியாகக் கிருமி மூட்டுக்குள் இறங்கியது.

முதல் வாரம் மடக்கிய கை.

மாவுக்கட்டுப் போடுகிறவர் வாயாடி. வாளித் தண்ணீரில் கட்டுத்துணியை முக்கிப் பிழிந்துகொண்டே, "வாங்கக்கா, கையை யாருக்கோ முத்தம் குடுத்தனுப்புற மாதிரி வாய்கிட்ட வைங்க. ஆங், அப்படித்தான். அசையாதீங்க, ஃபோட்டோ எடுக்கிறேன்" என்றார். ஈர மாவு சூடாகி இறுகியது. அவள் வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

வீட்டில் ஸ்பூன் வாய்க்கு வந்தது. தலையைக் கொஞ்சம் குனிந்து தோளைத் தூக்கினால் போதும். பாதி வழியில் கொஞ்சம் சிந்தியது, அவ்வளவுதான். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். மூக்கில் அரித்தபோது தானே சொறிந்துகொண்டாள். விழுந்த நாளிலிருந்து அவள் ஏங்கிய சுகம் அது.

கட்டோடு லாண்டரிக்குப் போனாள். மேஜைக்கு முன் நின்று இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தாள். கை நெஞ்சோடு நின்றது. மேஜை இடுப்பளவில் கிடந்தது. இடுப்பை ஒடித்துக் குனிந்தால் ஒரு சாண் துணி எட்டியது. ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று பார்த்தாள், இன்னும் மோசம். சூப்பர்வைசர் பின்னால் கைகட்டி நின்று பார்த்தார்.

"காலரு, உன்னைப் போகச் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா ஒரு படுக்கை விரிப்புக்கு நீ எடுத்துக்கிற நேரத்துல ஹோட்டல்காரன் புது விரிப்பே நெய்துடுவான்."

"வேற வேலை ஏதாவது?"

"துவைக்கிறதுக்கு ரெண்டு கை வேணும். மடிக்கிறதுக்கு ரெண்டு கை வேணும். இஸ்திரிக்கு மட்டும்தான் ஒண்ணரை போதும். எனக்கும் மேல ஒருத்தன் இருக்கான்ல?"

இரண்டாம் வாரம் நீட்டிய கை. லேசான வளைவு மட்டும் வைத்து, மேஜையில் உள்ளங்கை படிகிற மாதிரி கட்டினார் மாவுக்கட்டுக்காரர். இந்த முறை அவருக்கு நக்கல் வரவில்லை.

லாண்டரியில் அந்தக் கை பழைய கையாகவே வேலை செய்தது. தோளிலிருந்து தள்ளினாள், தோளிலிருந்து இழுத்தாள். இடது கை துணியை அமுக்கிப் பிடித்தது. முதல் விரிப்பை முடித்து நிமிர்ந்தபோது சுற்றி நின்ற பெண்கள் கைதட்டினார்கள். "ஆபரேஷன் முடிச்சுட்டு வந்துடு. உன் மேஜை காலியாத்தான் கிடக்கும்" என்றார் சூப்பர்வைசர். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே வந்தாள்.

வீடு என்பது தம்பியின் வீடு. இரண்டு அறை, ஒரு சமையல் மூலை, நாலாவது மாடி. அவளைக் கட்டியவன் வேலை தேடிப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். அதற்குப் பிறகு அவள் இங்கேதான். தம்பி சாமான் வண்டி ஓட்டினான். அவன் மனைவி ஒரு பெரிய கடையில் கல்லாவில் இருந்தாள். வாடகையில் பாதி அக்காவுடையது. அதனால் நீட்டிய கை என்றதும் தம்பி முகம் மலர்ந்தது.

"அதான் சரி. நேரா வச்சுக்கோக்கா. சாப்பாடு ஊட்ட நாங்க இல்லையா? சின்ன வயசுல நீ எனக்கு ஊட்டல?"

"அப்ப நீ துப்புவ" என்றாள் அக்கா.

"நீயும் துப்பிக்கோ, யாரு வேணாங்கிறா!"

முதல் நாள் தம்பியே ஊட்டினான். விளையாட்டாக ஸ்பூனை வண்டி மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தான். இரண்டாம் நாள் அவனுக்கு லோடு தாமதம், மனைவி ஊட்டினாள். கல்லாவில் நாளெல்லாம் நின்ற கால் வலியோடு, ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்பூனுமாக. விழுங்குவதற்குள் அடுத்த வாய் வந்து உதட்டில் இடித்தது. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வாய் காலியாக இல்லை. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அது காலர் அக்காவுக்கும் தெரிந்தது. தெரிந்ததால் திட்டக்கூட முடியவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் 'இதோ வர்றேன்' வந்தது. அப்புறம் 'நீங்க முதல்ல உக்காருங்க' வந்தது. மாவுக்கட்டுக்காரர் நீளக் குச்சியில் கட்டிக் கொடுத்த ஸ்பூனை அக்கா எடுத்துப் பார்த்தாள். வாய் வரை வந்து, அங்கே கவிழ்ந்து மடியில் கொட்டியது. ஒரு சாயங்காலம் தட்டு மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. தம்பி போனில் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி குளிக்கப் போயிருந்தாள். காலையிலிருந்து இஸ்திரி போட்ட உடம்பு, பசி கண்ணைக் கட்டியது. அவள் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, குனிந்து தட்டில் வாயை வைத்தாள்.

நிமிர்ந்தபோது கன்னத்திலும் மூக்கிலும் சோறு. தம்பி மனைவி ஈரத் தலையோடு குளியலறை வாசலில் நின்றிருந்தாள். துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்தாலும் எடுத்துக்கோங்க. என்னால முடியாது."

"என்ன முடியாது?"

"ஊட்ட. இன்னிக்கு ஊட்டுவேன். நாளைக்கு ஊட்டுவேன். ஒரு வருஷம் கழிச்சு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே ஊட்டுவேன். அதுக்கப்புறம் வாய்விட்டுத் திட்டுவேன். அந்தச் சாப்பாட்டை நீங்க சாப்பிடணும். உங்க தம்பி ஆசையாத்தான் சொல்றாரு, ஆனா ஊட்டப்போறது அவரு இல்ல."

"நீட்டி வச்சாதான் வாடகை வரும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியாமலா? வாடகை போச்சுன்னா இந்த வீடு போகும். அதுவும் தெரியும்." அவள் ஸ்பூனை எடுத்தாள். "வாயத் திறங்க. இன்னிக்கு மெதுவா ஊட்டுறேன்."

அன்றைக்கு மெதுவாகத்தான் ஊட்டினாள்.

வாரம் முடிந்து டாக்டர் கேட்டபோது, "நீட்டி" என்று முந்திக்கொண்டு சொன்னது தம்பி. "மடக்கி" என்றாள் அக்கா.

"அக்கா, யோசிச்சுத்தான் பேசுறியா? லாண்டரில மேஜை வச்சிருக்காங்க உனக்கு!"

"யோசிச்சுட்டேன்டா."

"அப்ப நான் ஒருத்தனா இழுக்கணும் எல்லாத்தையும்?"

டாக்டர் அவளுடைய சீட்டில் 'மடக்கி' என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

எலும்பு ஒட்டியது. டாக்டர் சொன்னபடி வலி போனது. தகட்டுக்கு மேல் நீளமாக ஒரு தழும்பு, அதற்குக் கீழே எப்போதும் எதையோ வாய்க்குக் கொண்டுபோவது மாதிரி நிற்கும் ஒரு கை. லாண்டரி மேஜையில் வேறொருத்தி வந்துவிட்டாள். வீட்டைக் காலி செய்து ஒற்றை அறைக்குப் போனார்கள். அங்கே மூன்று பேர் படுக்க இடம் இல்லை. தம்பி இரவு வண்டி ஓட்ட ஒப்புக்கொண்டான், பகலில் சுவரைப் பார்த்துத் தூங்கினான். அக்காவிடம் பேச்சைக் குறைத்தான். பிறகு தூரத்து ஊர் ஒன்றில் தங்கி ஓட்டும் வேலை வந்தது. கம்பெனி கொடுத்த அறை இரண்டு பேருக்கு மட்டும்.

ஆதரவற்றோர் காப்பகத்தை விசாரித்து வைத்ததும் அவன்தான். கொண்டுவந்து விட அவன் வரவில்லை, மனைவி வந்தாள். வாசலில் பையை இறக்கி வைத்துவிட்டு, "என்மேல கோபமா அண்ணி?" என்று கேட்டாள்.

"இல்ல. போ, பஸ் போயிடும்."

அவள் தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் பணிப்பெண் புது ஆளை ஏற இறங்கப் பார்த்தாள். இடது கையைப் பார்த்தாள், வலது கையைப் பார்த்தாள். கூடத்தின் பின்பக்கம் சுவரோரமாகச் சக்கர நாற்காலிகளின் வரிசை. அங்கே இன்னொரு பணிப்பெண் ஒரே பாத்திரத்திலிருந்து ஒவ்வொரு வாயாக நகர்ந்துகொண்டிருந்தாள். ஒரு கிழவர் முந்தைய வாயை இன்னும் விழுங்கவில்லை. அவருடைய உதட்டில் ஸ்பூன் இடித்துக்கொண்டு நின்றது.

"என்னம்மா, ஊட்டணுமா? ஊட்டணும்னா பின்னாடி போயிடுங்க, இங்க இடம் அடைக்காதீங்க."

"வேண்டாம்."

"அப்புறம் சிந்திட்டு எங்களைத் துடைக்கச் சொல்லக் கூடாது."

"மாட்டேன். ஸ்பூன் மட்டும் குடுங்க."

பணிப்பெண் நம்பிக்கை இல்லாமல் ஒரு ஸ்பூனை நீட்டிவிட்டு அங்கேயே நின்றாள். காலர் அக்கா உட்கார்ந்து தட்டை மேஜை விளிம்புக்கு இழுத்தாள். தோளைத் தாழ்த்தி அள்ளினாள், தோளைத் தூக்கிக் கொஞ்சம் குனிந்து வாயில் வைத்தாள். உப்பு இல்லை, ஆறியும் போயிருந்தது. மெதுவாக மென்று விழுங்கினாள். தண்ணீர் வேண்டுமென்று தோன்றியபோது ஸ்பூனை வைத்துவிட்டு டம்ளரை எடுத்தாள். அதற்குள் பணிப்பெண் அடுத்த ஆளைப் பார்க்கப் போயிருந்தாள்.