நடுவீதிக்காரனின் கை

எனக்குக் கார் ஓடத் தெரியாது. மூன்று தரம் றோட் டெஸ்ற் எடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். வேலை ரொறன்ரோவுக்கு வெளியே பிக்கரிங்கில், பெட்டி அடுக்கும் இடம். காலை ஆறு மணிக்குத் தொடக்கம். அந்த நேரத்துக்கு அங்கே போய்ச் சேர பஸ் இல்லை. அதனால் ஏழு வருடமாக ஊரில் எங்கள் தீவைச் சேர்ந்த அண்ணை ஒருவரின் வான் வண்டியில் போய்வந்தேன். முன் சீற்றில் அதே தீவு அக்கா ஒருவர். பின் சீற்றில் நானும் மூன்று சாப்பாட்டுப் பைகளும்.

அண்ணை மேற்குப் பக்கம். அக்கா கிழக்கு. தீவை ஒரு மணித்தியாலத்தில் நடந்து முடிக்கலாம். ரொறன்ரோவில் அதற்கு ஒரு சங்கம் இருந்தது. போன வருடம் கிழக்கு ஆட்கள் தனிச்சங்கம் கேட்டார்கள்.

"எப்பவும் தலைவர் மேற்கு. எங்களை ஒன்றுகூடலில கோப்பை கழுவத்தான் விடுறியள்," என்றார் அக்கா.

"பிரிஞ்சு என்னத்தைக் கண்டம் பிள்ளை? ஒற்றையாட்சிதான் நல்லது."

ஊரில் அந்தச் சொல்லுக்கு எதிராகக் கொடி பிடித்துக்கொண்டு ஓடியவர் அண்ணை.

"உதைத்தானே அண்ணை கொழும்பும் சொன்னது?" என்றார் அக்கா.

அண்ணை வைப்பரைப் போட்டார். மழை இல்லை.

என் வீடு தீவின் நடுவீதியில். வாசல் படலை மேற்கே பார்க்கும். சமைக்கும் குசினி கிழக்குப் பக்கம். அதனால் இரண்டு பேரும் என்னைத் தங்கள் ஆள் என்று எண்ணி வைத்திருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. அண்ணையோடு முறிந்தால் வான் இல்லை. அக்காவும் நானும் இங்கே ஒரே தெரு; அவரோடு முறிந்து அவர் வானை விட்டால், எனக்காக மட்டும் அண்ணை அந்தத் தெருவுக்குள் திரும்ப மாட்டார்.

பிரிப்பதென்றால் எல்லை வேண்டும். கிழக்கு கிணறு என்றது. மேற்கு மதகு என்றது. என் தம்பி இன்னும் தீவில்தான் இருக்கிறான். அவனிடம் கேட்கச் சொன்னார்கள். ரெலிபோன் கோல் எடுத்தேன்.

"எல்லையோ?" என்றான். "இஞ்ச பாதி வீடு பூட்டிக் கிடக்கு. மாடுதான் அங்காலயும் இஞ்சாலயும் போய்வருது. அதுகளிட்டக் கேக்கட்டோ?"

தெரியாதாம் என்று வானில் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட ஹோலில் கூட்டம். பிரிய வேண்டும் என்றவர்கள் கை தூக்கினார்கள். எண்ணினார்கள். வேண்டாம் என்றவர்கள் தூக்கினார்கள். எண்ணினார்கள். சமம். நான் இரண்டு தரமும் கையை ஜக்கெற் பொக்கெற்றுக்குள் வைத்திருந்தேன். சமமாக வந்தால் தலைவர் சொல்வதுதான் முடிவு. தலைவர் மேற்கு. பிரியக்கூடாது என்றார்.

கிழக்கு எழும்பி வெளியே போனது. கார் நிறுத்தும் இடத்தில் நின்றபடியே தனிச்சங்கம் தொடங்கியது.

திங்கள் காலை என் மூலையில் நின்றேன். வான் வந்தது. முன்னுக்கு இருவரும் இருந்தார்கள். அக்கா கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, நீர் கை தூக்கியிருந்தால் நாங்கள் மரியாதையாப் பிரிஞ்சிருப்பம்."

"என்ரை பக்கம் தூக்கியிருந்தால் உவை வெளியில போக முகம் இருந்திருக்காது," என்றார் அண்ணை. "ரெண்டு பக்கமும் நம்பேலாத ஆள் நீ."

"ஓம். அது உண்மை," என்றார் அக்கா.

அந்த ஒரு விஷயத்தில் தீவு ஒன்றாக நின்றது. பின் கதவு திறக்கவில்லை. வான் போனது.

மேலாளரைக் கேட்டுப் பத்து மணி வேலைக்கு மாறினேன். இரண்டு பஸ். பிறகு இருபத்தைந்து நிமிட நடை. பனிக்காலத்தில் நாற்பது.

கோடையில் இரண்டு சங்கமும் ஒன்றுகூடல் வைத்தன. ஒரே நாள். ஒரே பூங்கா. நடுவில் ஒரு நடைபாதை. எனக்கு இரண்டு அழைப்பும் வந்தன. அண்ணையும் அக்காவும் ஒரே வானில் வந்து இறங்கி, ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

நான் பஸ்ஸில் போனேன். இரண்டு பக்கமும் சாப்பிட்டேன். கோப்பையை நானே கழுவி வைத்தேன்.