சின்னையாவின் நல்ல நேரம்

சின்னையா தன் படகை ஆற்றில் இறக்கியது இதுவரை 187 முறை. அவற்றில் 121 முறை இறங்குதளத்தின் அடியில் தண்ணீர் இல்லை. சங்கப் பதிவேட்டில் இறக்கிய நேரத்தையும் நீர்மட்டத்தையும் நான்தான் எழுதுகிறேன். கணக்கில் பிழை கிடையாது.

எங்கள் தூண்டில் சங்கத்தின் தளம் கிள்ளான் ஆற்றோரத்தில் இருக்கிறது. சரிவான சிமெண்ட் தளம், அதன் கீழ்ப் பாதி முழுக்கச் சிப்பி. நீர் ஏறியபின் இறக்கினால் படகு தானாக மிதக்கும். ஏறுமுன் இறக்கினால் சிப்பியின்மேல் இழுத்துத்தான் ஆகவேண்டும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய மூளை வேண்டாம். சின்னையாவுக்கு இருப்பதே போதும். ஆனால் அவர் அதைப் பயன்படுத்துவதில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நல்ல நேரம் பார்த்துவிட்டு வருவார்.

"தண்ணி பத்து மணிக்குத்தான் வரும்," என்று ஒருமுறை சொன்னேன்.

"அது உங்க டைம் டேபிள் அங்கிள். நமக்கு வேற டேபிள்லா," என்றார். லோரி ஓட்டிய காலத்திலும் இப்படித்தான் ராகு காலத்தில் சாவியைத் தொடமாட்டாராம். பெருமையாகச் சொல்வார். அவருடைய சரக்குக்காகக் காத்திருந்தவர்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பதினேழு அடி ஃபைபர் படகு அது. அதன் அடியில் முன்மூக்கிலிருந்து பின்பக்கம் வரை முதுகெலும்புபோல் ஒரு மேடு ஓடும். அதைக் கீல் என்போம். தரையில் முதலில் உரசுவது அதுதான். ஆறாண்டு இழுத்ததில் மேல்பூச்சு போய், உள்ளேயிருந்த கண்ணாடி நார் முடிபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

தெலுக் பங்லிமா காராங்கில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கிரிதரன் எங்கள் உறுப்பினர். படகின் அடியில் படுத்துப் பார்த்தான்.

"அண்ணே, சட்டை போயி, பனியன் போயி, இப்ப எலும்பு தெரியுது. மூணு வாரம் கவுத்துப் போட்டுக் காயவிடுங்க. நான் தேய்ச்சு, நாலு அடுக்கு கண்ணாடி நார்ப் பாய் ஒட்டி, மேல ரப்பர் பட்டை வெச்சுத் தரேன். சும்மாவே செஞ்சு தரேன்."

"மூணு வாரமா? நடுவுல ஆயுத பூஜை வருதுடா!"

ஆக, காயவிடவில்லை. ஈர நாரின்மேல் வெள்ளி நிறக் கார் பெயிண்ட் அடித்தார். அதன்மேல் வாசற்கதவுக்கு வைக்கும் அலுமினியப் பட்டையை வைத்து, இருபத்திரண்டு திருகாணி முடுக்கினார். ஓட்டை விழாமல் காக்க இருபத்திரண்டு ஓட்டை போட்டவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பூஜையன்று பட்டைக்குச் சந்தனம், குங்குமம். கீலுக்கடியில் நான்கு எலுமிச்சை வைத்துப் படகை இழுத்து நசுக்கினார். எலுமிச்சையோடு பட்டையும் தேய்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் நேரத்தை மட்டும் குறித்தேன்.

அடுத்த ஆண்டு ஜூலையில் சின்னையாவின் அக்கா இராஜம்மாவின் கணவர் தம்புசாமி காலமானார். வியாழன் இறப்பு, வெள்ளி தகனம். ஆற்றுமுகத்தில் சிவப்பு மிதவைக்குப் பக்கத்தில்தான் தம்புசாமி பதினெட்டு வருடம் தூண்டில் போட்டார். சாம்பலை அங்கேதான் கரைக்கவேண்டும் என்பது அந்த அம்மாவின் ஒரே ஆசை. தம்பியின் படகு இருக்கிறது என்று வேறு யாரிடமும் கேட்கவில்லை.

27ஆம் தேதி, சனிக்கிழமை. ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். தளத்தின் அடியைத் தண்ணீர் தொடுவது ஒன்பது இருபதுக்கு. சின்னையா 7:40க்குப் படகை இறக்கச் சொன்னார். இராஜம்மா வெள்ளைச் சேலையில், சிவப்புத் துணி சுற்றிய பானையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நான்கு பேர் சிப்பியின்மேல் இழுத்தார்கள். பட்டையின் முனை எதிலோ மாட்டியது.

"இழுங்கடா, நேரம் போவுது!" என்று சின்னையா கத்தினார்.

இழுத்தார்கள். பட்டை முழுதாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. திருகாணிகள் கீலின் சதையையும் சேர்த்துப் பிடுங்கின. அப்படியே சேற்றைத் தாண்டித் தள்ளியும் விட்டார்கள். படகு பத்து மீட்டர் போவதற்குள் சின்னையாவின் கணுக்கால்வரை தண்ணீர் வந்துவிட்டது. திரும்ப இழுத்துவந்து போட்டபோது மணி 8:25.

"கவலைப்படாத அக்கா. பத்தரைக்கு மேல அடுத்த நல்ல நேரம் இருக்கு."

"நேரம் இருக்கு. படகு எங்கடா இருக்கு?"

சின்னையா கைப்பேசியில் நாட்காட்டியைத் தேடினார்.

அந்த அம்மா கிரிதரனைப் பார்த்தார். "தம்பி, உன் படகு எப்ப எறங்கும்?"

"தண்ணி வந்ததும் எறக்கிரலாம்க்கா. ஒன்பது இருபது. ஆனா..." என்று அவன் சின்னையாவைப் பார்த்தான்.

"ராகு காலம் அக்கா!" என்றார் சின்னையா. "மாமாவ அந்த நேரத்துலயா அனுப்புறது?"

"உங்க மாமா செத்தது வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு பத்துக்கு. அது என்ன காலம்னு உன் காலண்டர்ல பாரு."

சின்னையா உண்மையிலேயே பார்த்தார். அவரை எனக்குப் பிடிக்காததற்கு அந்த ஒரு செயல் போதும்.

ஒன்பது இருபத்திரண்டுக்குக் கிரிதரனின் படகு மிதந்தது. யாரும் இழுக்கவில்லை. ஒரு கையால் தள்ளினான், அவ்வளவுதான். அதன் கீலில் ஒட்டிய ரப்பர் பட்டைக்கு ஐந்து வயது, ஒரு கீறல் கிடையாது. இராஜம்மா பானையோடு ஏறி உட்கார்ந்தார்.

"வரியாடா?"

"நீ முன்னால போக்கா. நான் பத்தரைக்கு..."

"எதுலடா வருவ, நீந்தியா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். படகு போய்விட்டது.

ஒரு மணி நேரம் சின்னையா தன் ஓட்டைப் படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். 10:24க்குக் கிரிதரன் திரும்பினான். அந்த அம்மாவின் சேலை நனைந்திருந்தது, கை வெறுமையாக இருந்தது. தம்பியைக் கடந்து நேராகக் காருக்குப் போனார்.

சின்னையா மணி பார்த்தார். இன்னும் ஏழு நிமிடம் நின்றார். 10:31க்கு ஆற்றில் இறங்கி, முழங்கால்வரை தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் கும்பிட்டார்.

நீர் நிறைந்திருந்தது. படகை இறக்க அருமையான நேரம்.