மேல் வரிசையில் ஐந்து கற்கள்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் உதிரி பாகங்களைச் சோதித்து உள்ளே விடுவது என் வேலையாக இருந்தது. எங்கள் சூப்பர்வைசர் மேல் தட்டில் ஐந்தை மட்டும் எடுத்துப் பார்ப்பார், பச்சை அட்டை கட்டிவிடுவார். ஒருநாள் நான் அடித்தட்டு வரை பார்த்து, விரிசல் விட்டிருந்த அந்தச் சரக்குக்குச் சிவப்பு அட்டை கட்டினேன். உற்பத்தி லைன் நின்றுவிடும் என்று அதை அவிழ்த்துப் பச்சையை மாட்டியவர் அவர். பாகங்கள் உடைந்தபோது, சோதித்தது நான் என்று மேனேஜரிடம் போட்டுக்கொடுத்தவரும் அவரே. என்னைப் பேக்கிங்குக்குத் தூக்கிப் போட்டார்கள். நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அன்று எரிந்த வயிறு இன்னும் எரிகிறது.

லைன் ஆட்கள் இருபது பேர் போனில் சேர்ந்து ஆடும் போர் விளையாட்டு ஒன்று உண்டு. அங்கேயும் அவர்தான் தலைவர். ஆயுதம் செய்ய வரும் தாது, தோல், பிசினைத் தரம் பிரிப்பது நான். ஒவ்வொன்றையும் திரையில் தொட்டால்தான் தரம் தெரியும். நல்ல இரும்புக் கல்லில் நீல ரேகை ஓடும், மட்டமானது சாம்பல் பூத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரிய சண்டை. அவருக்கு வாள் வேண்டும். நூறு கற்களைப் பெட்டியில் அடுக்கினேன். மேலே ஐந்து முதல் தரம், கீழே அத்தனையும் குப்பை. மனம் உறுத்தியதா என்றால், துளியும் இல்லை.

எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். கேட்க மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"மேல அஞ்சு பாத்தேன்டா, சூப்பரா கீது. போதும்."

ஓகே அழுத்தி, அப்படியே உலையில் கொட்டினார். வாள் முதல் வெட்டிலேயே முறிந்தது. கோட்டை வாசலில் வெறுங்கையோடு அவர் அடி வாங்கியதை இருபது பேரும் பார்த்தார்கள். எனக்குத் தித்தித்தது.

கல்லை யார் பார்த்தது என்று கத்தினார், பழக்க தோஷத்தில் என் பெயரையும் சொன்னார். ஆனால் அந்த விளையாட்டில், முறிந்த ஆயுதத்தைத் தொட்டால் கற்களுக்கு ஓகே கொடுத்தவர் பெயர் எல்லோர் திரையிலும் வரும். அவர் பெயர் வந்தது. ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் கேன்டீன் வரிசையில் என் பின்னால் வந்து நின்றார்.

"அந்தப் பேர எடுக்க முடியாதாடா? லைன்ல எல்லாரும் ஓட்டிக்கினு கீறாங்க."

"எனக்கும் அப்படித்தான் சார் இருந்துச்சு."

நான் இன்னும் பேக்கிங்கில்தான் இருக்கிறேன். டீ நேரத்தில் அந்த முறிந்த வாளைத் தொட்டு, பெயரை ஒருமுறை படித்துவிட்டுத்தான் வேலைக்குத் திரும்புகிறேன்.