இடது சில்லு

போன கிழமை, லண்டனில் மிச்சம் என்கிற ஊரின் ட்ராம் தரிப்புக்குப் பக்கத்தில் சப்பாத்துத் திருத்துகிற கடையில், ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் அடியைத் திருப்பிப் பார்த்தார். இடதுகாலில் உள்பக்கம் மட்டும் இப்படித் தேய்ந்திருக்கிறதே, உள்ளே ஒரு துண்டு வைத்தால் நடை நேராகிவிடும் என்றார். மனுஷன் நல்லதுக்குத்தான் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கடை முழுக்கச் சூடான றப்பர் மணம். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்த பிறகும் அது மூக்கை விட்டுப் போகவில்லை.

அந்த மணம் எனக்கு மயூரியின் மணம். மயூரி என் மச்சாள், மாமாவின் மகள், நோர்வேயில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் கட்டி லண்டனுக்கு வந்தபோது, மற்றப் பெண்கள் சேலைப் பெட்டி கொண்டுவருவதுபோல இவள் இரண்டு சோடி றோலர் ஸ்கீ கொண்டுவந்தாள். பனியில்லாத காலத்தில் பனிச்சறுக்குப் பழகுவதற்கு அங்கே செய்துவைத்திருக்கிற சாமான் அது. கை நீளத்துக்கு ஒரு அலுமினியக் கட்டை, முன்னுக்கொரு சில்லு, பின்னுக்கொரு சில்லு, றப்பர் போட்ட சின்னச் சக்கரங்கள். சப்பாத்தின் நுனி மட்டும் அதில் பூட்டிக் கிடக்கும், குதிக்கால் எழும்பும். கையில் தோளளவு இரண்டு தடிகள், நுனியில் கூரான இரும்பு. பிரேக் என்று ஒன்று கிடையாது. நிற்க வேண்டுமென்றால் புல்லுக்குள் இறங்க வேண்டும். நான் பெரும்பாலும் முகத்தால் இறங்கினேன்.

அப்போது நான் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. கதிரையில் இருந்து இருந்து, வயிறு எனக்கு முன்னால் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன்னோடு வரச் சொல்லி மயூரி கேட்டாள். அவள் புருஷனும் தனியாகப் போனில் எடுத்து, லண்டன் வந்ததிலிருந்து இவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, நித்திரை கொள்வதில்லை, ஒருக்கால் கூடப் போங்கோ என்று கெஞ்சினார். காரணம் எங்களுக்குத் தெரியும். அவளுடைய அண்ணன் கஜன் முந்தின வருஷம் நோர்வேயில் ஒருநாள் இரவு படுத்தவன், நித்திரைக்குள்ளேயே செத்துப்போயிருந்தான். எனக்கும் அவன் சொந்த மச்சான்தான். ஆனால் நான் அவனைக் கண்டதேயில்லை. போனில் நாலைந்து தரம் கதைத்திருப்பேன். எங்கள் சொந்தங்கள் பலதும் இப்படித்தான், குரல் மட்டும்.

இரண்டாவது சோடியையும் அதற்கான சப்பாத்தையும் மயூரி எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். அம்மாவுக்குச் சில்லைக் கண்டால் போதும், அது வாகனம்தான். வாசலில் சோடியாக வைத்துச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கச் சொன்னா. புது வாகனம், மகனுக்கு ஒன்றும் வரக்கூடாது என்று கற்பூரமும் காட்டினா. மயூரி சுவரோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே போனதும் குந்தியிருந்து தன் சால்வையால் ஒவ்வொரு சில்லாகத் துடைத்தாள். பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல அவ்வளவு மெதுவாக. எனக்கு அது கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது.

பழைய விளையாட்டுத் திடலொன்றைச் சுற்றி ஒரு தார்ப்பாதை இருந்தது. அங்கேதான் பழகினோம். முழுப் பாரத்தையும் ஒரு காலில் போட்டு வழுக்க வேண்டும், அது முடிய மற்றக் காலுக்கு மாற வேண்டும். நம்பிப் பாரத்தைப் போடாதவன் விழுவான். சில்லுகளில் ஒன்று முன்னுக்கு மட்டும்தான் சுற்றும், பின்னுக்கு இறுகிவிடும். அதை மிதித்துத்தான் முன்னால் போகிறோம். நாய் கூட்டி வருகிற கிழவர்கள், பனி எங்கே தம்பி என்று ஒவ்வொரு கிழமையும் அதே பகிடியை விட்டார்கள். நானும் ஒவ்வொரு கிழமையும் சிரித்தேன்.

இரண்டு மாதத்தில் விழாமல் போகத் தொடங்கினேன். ஆனால் இடது ஸ்கீ சொன்னபடி கேட்காது. வலது காலைத் தேடிக்கொண்டு உள்ளுக்கு வரும். நானும் அதன்போக்கில் முழங்காலை மடித்துக்கொடுத்துப் பழகிவிட்டேன். சப்பாத்தோ எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. ஒருநாள் பாதையோர வாங்கில் உட்கார்ந்து ஸ்கீயைத் திருப்பிப் பார்த்தால், இடது சில்லுகள் உள்பக்கம் சரிவாகத் தேய்ந்து கிடக்கின்றன. இடம் வலம் மாற்றிப் பூட்டினால் தேய்வு சரியாகிவிடுமே என்று சில்லு கழற்றுகிற சாவியை எடுத்தேன். மயூரி என் கையைப் பிடித்துவிட்டாள்.

"மாத்தாதேங்கோ மச்சான். அண்ணா இடக்காலை இப்பிடித்தான் போடுறவர்."

செத்தவனின் சப்பாத்துக்குள் இரண்டு மாதமாகக் கால் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு அம்மா தேசிக்காய் வேறு வைத்திருக்கிறா. கோபம் வந்தது, கழற்றி எறியத்தான் நினைத்தேன். அவள் அழவில்லை. முகத்தில் பல நாள் பசி தெரிந்தது.

"நீங்கள் முன்னாலை போங்கோ. பின்னாலை நிண்டு பாத்தா அண்ணாதான் போறார். திரும்பி மட்டும் பாக்காதேங்கோ."

அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோது எனக்குச் சொன்னதும் அதே சொல்தான். அன்று நான் திரும்பிப் பார்க்காமல் வந்தது, போனவர் போகட்டும் என்பதற்காக. இவளோ போனவன் நிற்கட்டும் என்று கேட்கிறாள். சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால், அவள் சாப்பிடத் தொடங்கியிருந்தாள், அதுதான்.

அந்தக் கார்த்திகை மாதம் ஞாயிறுதோறும் பனிப்புகார் மூடிக் கிடந்தது. எனக்கு முன்னால் பத்தடிப் பாதை, பின்னால் அவளுடைய தடிகள் தாரில் குத்துகிற சத்தம். ஒருநாள் அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் நோர்வேஜிய மொழியில் ஏதோ சொன்னாள். என்னோடு அவள் ஒருநாளும் அந்த மொழியில் பேசியதில்லை. சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தாள், ஒருவர் பதில் சொல்ல எடுக்கிற நேரம். பிறகு சிரித்தாள். மறுபடி சொன்னாள், பொறுத்தாள், சிரித்தாள். குளிரில் எனக்கு வேர்த்தது. திரும்பிப் பார்க்கவில்லை, பயந்துதான் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா, "ஏன் தம்பி காலை இழுக்கிறாய்?" என்று கேட்கத் தொடங்கினா. சுளுக்கு என்றேன்.

பிறகு ஒரு சில்லின் றப்பர் வெடித்துப் பிளந்துவிட்டது. மற்றவையும் அந்த நிலைமைதான். மயூரி இரண்டு கிழமை ஒத்திப்போட்டுப் பார்த்தாள். கடைசியில் தானே நாலும் புதிதாக வாங்கி, தானே பூட்டினாள். இனி அண்ணா வரமாட்டார் என்று சொன்னபோது அவள் குரல் உடைந்தது. எனக்கு, இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, பெரிய ஆறுதல்.

அன்றைக்கு வெயில். புதுச் சில்லு, ஒருபக்கமும் இழுக்காத சில்லு. தடியை ஊன்றித் தள்ளினேன். வலது நேராகப் போனது. இடது கால், அதை யாரும் இழுக்கவில்லை, முழங்காலை மடித்துக்கொண்டு தானாக உள்ளுக்கு வந்தது. நேராக்கப் பார்த்தேன், ஏலவில்லை. ஒரு சுற்று முழுக்க அப்படியே போனேன். பின்னால் பேச்சுமில்லை, சிரிப்புமில்லை. கொஞ்சத்தில் தடிச் சத்தமும் நின்றுவிட்டது. அன்றுதான் முதல்தடவை திரும்பிப் பார்த்தேன். மயூரி பாதை நடுவில் நின்று என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா உங்கட காலுக்கை வந்திட்டார். போதும் மச்சான், மாமி பாவம், அவவுக்கு அவவின்ரை மகன் வேணும். இனி நான் முன்னாலை போறன். என்ரை காலைப் பாத்து நேரா வாங்கோ."

அண்ணனைக் காண அவளுக்கு இருந்த ஒரே வழி அது. அதை எனக்காக விட்டுவிட்டு அவள் என்னைத் தாண்டிப் போனாள். நான் அவள் சொன்னபடியே அவள் காலைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். சின்ன வயதில் பனியில் அண்ணனின் தடத்திலேயே கால் வைத்துப் பழகியவள் அல்லவா. அவளுடைய இடது முழங்காலும் உள்ளுக்கு மடிந்து மடிந்து வந்தது. கஜன் நடந்ததை நான் கண்டதில்லை, ஆனாலும் என் கணுக்காலுக்கு அது தெரிந்தது. நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணனைத் தேடி அவள் கண்ணாடிக்கு முன்னாலேயே இருந்திருப்பாள்.

அந்தத் திடல் இப்போது இல்லை, அடுக்குவீடுகள் வந்துவிட்டன. அம்மா இல்லை. மயூரி குடும்பத்தோடு நோர்வேக்கே திரும்பிப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. போகும்போது இரண்டு சோடியையும் யாருக்கோ கொடுத்துவிட்டுப் போனாள். போன மாதம் போனில் எடுத்தாள். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தார்களாம்.

"இப்ப கால் நேரா வருது மச்சான்," என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

நல்லது மச்சாள் என்று சொன்னேன், என் இடதுகாலைப் பார்த்துக்கொண்டு.