கொப்புளக் கட்டுரையை அனுப்பிய வெள்ளிக்கிழமை

அன்று காலை என் பட்டியலில் பதினோரு வேலைகள் இருந்தன. ஒன்பதை முடித்திருந்தேன். முகப்புக் கடிதம், தலைப்புப் பக்கம், எழுதியவர் பெயர் நீக்கிய பிரதி, தனிக் கோப்பில் அட்டவணைகள், நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் எல்லாம் தயார். மீதி இரண்டு: எண்களைக் கடைசியாக ஒருமுறை சரிபார்ப்பது, பிறகு அனுப்புவது. அந்த மருத்துவ இதழின் சிறப்பிதழுக்கு மாலை ஐந்து மணிவரைதான் கட்டுரைகளை வாங்குவார்கள். நான் ஒன்பது மணிக்கே வந்து கணினி முன் உட்கார்ந்துவிட்டேன்.

புள்ளியியல் படித்தவள் நான். வேங்கிக்காலில் ஒரு தோல் மருத்துவரின் கிளினிக்கில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதையின் ஓரமாக, டாக்டர் ஒரு முதலுதவிக் கூடாரம் போடுவார். செருப்பில்லாமல் நடப்பவர்களின் கால் கொப்புளங்களைச் சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, ஒரு டோக்கன் கொடுத்து, "காலையில இங்கயே வந்து கட்டு மாத்திக்கங்க" என்று சொல்லி அனுப்புவோம். மறுநாள் மதியம்வரை கூடாரம் இருக்கும்.

வழியில் பார்க்கும் நோயாளிகள் திரும்ப வரமாட்டார்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு வருடப் பதிவேட்டை நான் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது, வருகிறார்கள் என்று தெரிந்தது. ஒரே டோக்கன் எண், இரண்டு தேதிகள், பக்கத்துக்குப் பக்கம். அந்த ஒரு முடிவின்மேல்தான் கட்டுரை முழுவதும் நின்றது. அதில் முதல் பெயர் என்னுடையது. "கணக்கு போட்டது நீ, எழுதினது நீ. நான் பின்னாடி வரேன்" என்று டாக்டரே சொல்லியிருந்தார். இரண்டு வாரமாக அந்தத் தலைப்புப் பக்கத்தைத் தேவையில்லாமல் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு சிஸ்டர் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கூடாரத்தில் கட்டுப் போடுவதும் பதிவேடு எழுதுவதும் அவர்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். அச்சிட்ட முதல் அட்டவணையை அவரிடம் காட்டினேன்.

"எத்தினி முகாம்னு போட்டிருக்க?"

"இருபத்தி நாலு."

"இன்னாம்மா இது, வருஷத்துக்கு இருபத்தி நாலு பௌர்ணமியா? அமாவாசைக்கும் சேத்து எனக்கு டியூட்டி போட்டுட்டியா?"

நான் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுபோனது.

கிரிவலம் சாயங்காலம் தொடங்கி விடிய விடிய நடக்கும். இந்த ஊரில் எல்லோருக்கும் அது ஒரே பௌர்ணமி, ஒரே இரவு. சின்ன வயதிலிருந்து சுற்றிவரும் எனக்கும் அப்படித்தான். ஆனால் சிஸ்டர் ஆஸ்பத்திரி வழக்கப்படி பன்னிரண்டு மணி ஆனதும் புதுத் தேதி எழுதுவார். தேதி மாறினால் மறுநாள், அது வேறு முகாம் என்று கணினிக்குச் சொல்லிவைத்தது நான். நேரம் எழுதிய கட்டத்தை நான் பார்க்கவே இல்லை.

பதிவேட்டை இழுத்துப் பிரித்தேன். ஒரு டோக்கன்: முதல் வருகை இரவு பத்து நாற்பது, இரண்டாவது இரண்டேகால். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். நான் எண்ணிவைத்த 'மறுநாள் வந்தவர்கள்' பெரும்பாலும் அதே இரவில் வந்தவர்கள்.

"ஏன்க்கா உடனே திரும்பி வந்தாங்க?"

"ஏன் வருவாங்க? கட்டு பிச்சிக்கிச்சினுதான். சுத்தி முடிச்சிட்டு பஸ்ஸுக்குப் போற வழியில கூடாரத்தப் பாத்துட்டு, உள்ள வந்து என்னைத் திட்டிட்டுப் போவாங்க. கடைசி கட்டத்துல எழுதி வெச்சிருக்கேனே, பாக்கல நீ?"

பார்க்கவில்லை. குறிப்பு என்ற அந்தக் கட்டத்தில் எண்கள் இல்லை என்பதால் ஏற்றாமல் விட்டிருந்தேன். 'கட்டு போச்சு.' 'ஈரத்துல கட்டு போச்சு.' 'கட்டு போச்சு, ரொம்ப கோபம்.'

கட்டுரை போச்சு என்று நினைத்தது ஒரு நிமிடம்தான். அடுத்த நிமிடம் பக்கங்களை வேகமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். எங்களிடம் இருந்தது வேறு ஒரு கட்டுரை. வெறுங்காலில் மலையைச் சுற்றுகிறவரின் பாதத்தில் வழக்கமான கட்டு நிற்பதில்லை என்பதை ஒரு வருடமாக, தெரியாமலே, வரி வரியாக எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் அதை அனுப்பச் சம்மதிக்க வேண்டியவர் டாக்டர். கட்டு அவருடைய முறை.

ஒரு நோயாளி வெளியே போனதும், அடுத்தவர் வருமுன் அவர் அறைக்குள் நுழைந்தோம்.

"மேடம், நம்ம முடிவு தப்பு."

"எவ்ளோ தப்பு?"

"முழுசா. நாம சொன்னதக் கேட்டு மறுநாள் வரல. கட்டு நிக்காம அதே ராத்திரி வந்திருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்ப நான் போடச் சொன்ன கட்டு ஒரு சுத்து கூடத் தாங்கலனு நானே எழுதி அனுப்பணும்."

"ஆமாங்க மேடம்."

பின்னாலிருந்து சிஸ்டர், "அப்பவே சொன்னேங்க, ஒட்டல ஒட்டலனு. நீங்கதான் இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடுன்னீங்க" என்றார்.

டாக்டர் அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "இவளுக்கு ஒரு வருஷமா வாயில இருந்தது இன்னிக்கு வந்துச்சு பாரு. அஞ்சு மணிக்குள்ள முடியுமா?"

"முடியும் மேடம்."

"அப்ப அதையே எழுது. பழச அனுப்பினா, படிக்கறவங்க நம்மள மாதிரியே கட்டி அனுப்புவாங்க."

புதுத் தாளில் புதுப் பட்டியல் போட்டேன். சிஸ்டர் குறிப்புகளை வாசிக்க வாசிக்க நான் ஏற்றினேன். "இவரு எனக்கு ஞாபகம் இருக்கு, பிஞ்ச பிளாஸ்டர கையிலயே எடுத்துட்டு வந்தாரு" என்று நடுநடுவே கதை வேறு. தேதியை எடுத்துவிட்டு 'பௌர்ணமி' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். மாலையிலிருந்து மறுநாள் மதியம்வரை ஒரே முகாம் என்று செய்முறைப் பகுதியில் விளக்கினேன். கட்டு அவிழ்ந்தாலும் யாரும் பாதியில் திரும்பி நடப்பதில்லை, சுற்றை முடித்த பிறகே வருவார்கள்; அதனால் எந்த இடத்தில் அவிழ்ந்தது என்று சொல்ல முடியாது என்பதைக் குறைபாடுகளில் சேர்த்தேன். உண்மையிலேயே காலையில் வந்த சிலருக்கு ஒரு வரி. விரல்கள் ஓடின. மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தட்டச்சுப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அந்தக் கடைசிக் கட்டம் இல்லாமல் இந்தக் கட்டுரையே இல்லை. டாக்டரைக் கேட்டுவிட்டு சிஸ்டரின் பெயரையும் சேர்த்தேன். நாலு மணி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவரிடம் சொன்னபோது, "என் பேரா? எதுக்கு, தப்பா கட்டுனதுக்கா?" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

நாலு முப்பத்தைந்துக்கு எல்லாக் கோப்புகளையும் ஏற்றி முடித்தேன். எழுதியவர்கள் ஒவ்வொருவரும் தம் மின்னஞ்சலில் ஒப்புதல் தர வேண்டும் என்று திரை சொன்னது. டாக்டர் உடனே கொடுத்துவிட்டார். சிஸ்டருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, மெயில் ஒண்ணு வந்திருக்கும், பாருங்க."

"பஸ்ல நிக்கறேம்மா. இரு... பாஸ்வேர்டு கேக்குது."

"போடுங்க."

"தெரிஞ்சா போட மாட்டனா?"

நாலு நாற்பது. நாலு நாற்பத்தாறு. கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று தோற்றேன். அவரே கூப்பிட்டார்.

"பாஸ்வேர்டு ஞாபகம் வந்துச்சு, நீல பட்டன அமுக்கிட்டேன். நன்றினு வருது. பக்கத்துல நிக்கற அம்மா இன்னா விஷயம்னு கேக்கறாங்க. நாங்க போட்ட கட்டு நிக்கலனு பத்திரிகைக்கு எழுதியிருக்கோம்னேன். அதுக்கு இவ்ளோ சந்தோஷமானு சிரிக்கறாங்க!"

பக்கத்தைப் புதுப்பித்தேன். 'ஆசிரியர் குழுவிடம் சேர்ந்தது' என்று மாறி, கீழே ஒரு எண் வந்திருந்தது. மணி நாலு ஐம்பத்திரண்டு. டாக்டர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு நுழைந்தேன்; வேலையில் சேர்ந்த பிறகு அப்படிச் செய்தது அன்றுதான்.