சீனிக்கு ஆபரேஷன்

முதலில் மன்னிப்பு. வாரா வாரம் என் கையெழுத்தோடு மல்லுக்கட்டி இந்தப் பத்தியை அச்சுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு இந்த முறை வேலை கொஞ்சம் கூடத்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்பது இன்றைக்கும் குத்துமதிப்பு. இதில் டாக்டர்கள் சொன்ன சொற்கள் வேறு. ஒரு மருந்தின் பெயரை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்... மூன்றுமே தப்பாகத் தெரிந்தது. அடித்துவிட்டு 'மயக்க மருந்து' என்றே எழுதியிருக்கிறேன்.

விஷயம், எங்கள் வீட்டு முயல்.

வெள்ளைப் பெண் முயல். ஒன்றரை வயது. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவன் வீட்டு முயல் ஆயிற்றே, 'உப்பு' என்று கூப்பிடலாம் என்றேன். என் மனைவி செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. "நாள் பூரா உப்புலதான் கெடக்கற. வீட்லயும் அதையே கூப்புடணுமா?" என்று 'சீனி' என வைத்தாள்.

மாசி தொடக்கத்தில் ஒரு காலை. சீனி தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்கி மூலையில் குவித்துக்கொண்டிருந்தது. தூக்கப் போனால் உறுமியது. நெஞ்சில் ரூபாய் அளவுக்கு வெறும் தோல்.

கால்நடை மருத்துவமனைக்குக் கூடையில் தூக்கிப் போனேன். எனக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி, பின்னால் நாலு ஆடு. ஆட்டுக்காரர் கூடையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, முயலுக்கு வைத்தியமா? கொழம்பு வெக்கிற சரக்காச்சே."

சிரித்து வைத்தேன். எனக்கு உடனே பதில் சொல்ல வராது. வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும்.

டாக்டர் சீனியின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "பொய்க் கர்ப்பம். குட்டி இருக்குன்னு நெனச்சு மெத்தை போடுது. மூணு வாரத்துல அடங்கிடும். ஆனா திரும்பத் திரும்ப வரும். வயசானா கர்ப்பப்பையில கட்டி வர்றதும் முயலுக்கு சகஜம். கர்ப்பப்பையையே எடுத்துட்டா நல்லது."

"நீங்களே எடுத்துடுங்க சார்."

"மாடு, ஆடு, நாய்னா செய்வேன். முயலுக்கு மயக்கம் குடுத்துப் பழக்கம் இல்ல. சின்ன உசுரு... அளவு தப்பினா எழுந்திரிக்காது. முயல் நெறைய பார்த்த ஆளாத் தேடுங்க."

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு 'எனக்குப் பழக்கம் இல்லை' என்று சொல்கிற ஆட்களை நீங்கள் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? நான் அன்றுதான் பார்த்தேன்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். "போற எடத்துல, ஆபரேஷனுக்கு முன்னாடி பட்டினி போடணுமான்னு கேளுங்க. ஆமான்னு சொன்னா வந்துடுங்க. முயலுக்கு வாந்தியே வராது, அதனால பட்டினி தேவையில்ல. வயிறு காலியாகி குடல் ஓட்டம் நின்னாதான் ஆபத்து."

அடுத்த வாரம் புதுச்சேரி பக்கம் ஒரு கிளினிக். கண்ணாடிக் கதவு, ஏசி. நாய்கள் நிறைய இருந்ததால் செல்வி கூடையோடு வெளியே நின்றுகொண்டாள். உள்ளே டாக்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"வியாழக்கிழமை பண்ணிடலாம். முந்தின நாள் சாயங்காலத்துக்கு மேல எதுவும் குடுக்காதீங்க. தண்ணி கூட."

நான் கேட்கவே வேண்டியதில்லை. பதில் தானாக வந்துவிட்டது. நான் என்ன செய்தேன்?

"சரிங்க சார்" என்றேன். அப்பாயிண்ட்மெண்ட் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

வெளியே செல்வி கேட்டாள். "இன்னா சொன்னாரு?"

"பட்டினி போடச் சொன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னேன்."

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் கூடையோடு முன்னால் நடந்தாள். பஸ் தூரத்தில் வரும்போது மெதுவாகச் சொன்னாள்: "வியாழக்கிழம சீனி செத்துப்போச்சுன்னு வெச்சுக்க. அப்பவும் சரிங்க சார்னு சொல்லிட்டு வந்துடுவியா?"

அந்த அப்பாயிண்ட்மெண்டை அவள்தான் போன் செய்து ரத்து செய்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

படித்தவர்களிடம் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று எனக்குள் எப்படியோ ஊறிவிட்டது. பேங்கில் அப்படி, தாலுகா ஆபீசில் அப்படி, டாக்டரிடமும் அப்படித்தான். சந்தேகம் இருக்கும். தலை மட்டும் ஆடும்.

இரும்பை கிராமத்தில் இருக்கும் செல்வியின் தங்கை விசாரித்துச் சொன்னாள் — பொம்மையார்பாளையத்தில் ஒரு டாக்டரம்மா, முயலெல்லாம் பார்ப்பாராம். இந்த முறை செல்வி கண்டிஷன் போட்டாள். "நானும் உள்ள வருவேன். ஆனா நீதான் கேக்கணும்."

டாக்டரம்மாவுக்கு என் வயது இருக்கும். சீனியை மேஜையில் வைத்து, ஒரு துண்டால் அதன் கண்ணை மறைத்த மாதிரி சுற்றிப் பிடித்தார். அது அடங்கி உட்கார்ந்தது. கேள்வியை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. உப்பளம்தான் கை கொடுத்தது.

"டாக்டரம்மா, தப்பா நெனைக்கக் கூடாது. எங்க வேலையில புது ஆளு பாத்தியில எறங்கினா, எத்தனை வருஷமா உப்பு வார்றன்னு மேஸ்திரி கேட்டுட்டுதான் எறக்குவாரு. பழகாத கை வாரினா அடியில இருக்கற சேறும் உப்போட வந்துடும்..."

நின்றுவிட்டேன். செல்வி முழங்கையால் இடித்தாள்.

"...நீங்க எத்தனை முயலுக்குப் பண்ணியிருக்கீங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். போச்சு என்று நினைத்தேன்.

"எண்ணி வெக்கலைங்க. பத்து வருஷத்துக்கு மேல, மாசத்துல நாலஞ்சு வரும். மூணு செத்திருக்கு. ரெண்டு, கட்டி முத்திப்போய் வந்தது. ஒண்ணு என் கணிப்புத் தப்பு. அதுலேர்ந்து ரத்தம் டெஸ்ட் பண்ணாம நான் தொடறதில்ல."

"பட்டினி..."

"பட்டினி போட்டுட்டு வந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

செத்ததையும் சேர்த்துச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது. மயக்க மருந்தில் ஆபத்தே இல்லை என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

பொய்க் கர்ப்பம் முழுசாக அடங்கட்டும் என்று இரண்டு வாரம் தள்ளி நாள் குறித்தார். அதற்குள் வீட்டில் பாடம். ஊசி இல்லாத சிரிஞ்சில் கரைத்த தீவனத்தை உறிஞ்சி, பல்லின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அது தானாகச் சாப்பிடாவிட்டால் இதுதான் வழி. முதல் மூன்று நாள் சீனி என் சட்டையில்தான் துப்பியது. நாலாம் நாள் நக்கியது. வரும்போது அருகம்புல்லும் பழகிய கீரையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். வெயில் ஏறும் முன் வந்துவிட வேண்டும், வெக்கை முயலுக்கு ஆகாது.

ஆபரேஷன் அன்று காலை, கூண்டில் புல் இல்லை. செல்வி எடுத்து மறைத்துவிட்டாள்.

"எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப ஒரு வாய்த் தண்ணி குடுத்தாங்களா? ஊர் ஒலகமே வெறும் வயித்துல போவுது. இது மட்டும் நாஷ்டா துன்னுட்டுப் போவுமா?"

எதிர்வீட்டு அக்காவும் அவள் பக்கம்தான். "அதானே, மயக்கத்துல பொரையேறிடப் போவுது."

செல்வியும் அன்று எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. டீகூட.

சாதாரணமாக நான் இந்த இடத்தில் 'சரி' என்பேன். அன்று சொல்லவில்லை. "டாக்டரம்மா சொன்னாங்க. நானும் ஏன்னு கேட்டுட்டேன். குடு" என்றேன். செல்வி முந்தானை மறைவிலிருந்து புல்லை எடுத்து நீட்டினாள். பஸ்ஸிலும் சீனி மென்றுகொண்டே வந்தது. கண்டக்டர், "கறிக்கா?" என்றார். "ஆபரேஷனுக்கு" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.

ஆபரேஷன் முடிந்து, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சீனி குறுகி உட்கார்ந்திருந்தது. புல்லை முகர்ந்தது, தொடவில்லை. சிரிஞ்சில் கொடுத்ததை மட்டும் விழுங்கியது. காலைக்குள் புழுக்கை போட வேண்டும், போட்டால்தான் குடல் ஓடுகிறது என்று அர்த்தம், இல்லாவிட்டால் உடனே தூக்கிவர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நானும் செல்வியும் மாறி மாறிக் கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விடிந்ததும் துணியை விலக்கினேன். ஓரத்தில் கருப்பாக, மிளகு மாதிரி.

போன் வந்தாலே செல்வியிடம் நீட்டிவிடுகிறவன் நான். அன்று நானே அடித்தேன்.

"டாக்டரம்மா, போட்டுடுச்சுங்க."

"எத்தனை?"

"ஏழுங்க."

"சின்னதா?"

"மொளகு சைஸுங்க."

"போதும். நாளைக்குப் பெருசாயிடும்."

டாக்டருக்குப் போன் செய்து நான் நல்ல சேதி சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

எழுதி முடித்தது: பங்குனி மாதம், இரண்டாவது ஞாயிறு. தையல் பிரித்த மறுநாள்.